வசந்தா அக்கா அடைத்த எண்

வசந்தா அக்கா காலமானார் என்று காலையில் ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. அனுப்பியது யாரென்று தெரியவில்லை; நான் நம்பவும் இல்லை. திருமுல்கேரியில் இருக்கும் அவருடைய தங்கைக்குப் போன் செய்து, அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் உடைந்துபோனேன். நம்பாமல் விசாரித்ததற்கு அக்கா என்னை மெச்சியிருப்பார்.

எங்கள் அலுவலகத்தின் நெட்வொர்க் பிரிவில் அவரோடு இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பொங்கல் வாழ்த்தை மெயிலில் அனுப்பினால் திறக்க மாட்டார், போன் செய்வார். "நீதான் அனுப்பினியா? ஹவ், ஆமான்னு சொல்லு, திறக்கிறேன்." தலைமுறைகளாக செகந்திராபாத்தில் இருக்கும் குடும்பம், பேச்சில் ஊர் கலந்திருக்கும். சந்தேகம் மட்டும் முழுக்க அவருடைய சொந்தச் சரக்கு.

தெரியாத முகவரியோடு ஒரு கம்ப்யூட்டர் பேசினால், அது யாருடையது என்று அவர் துருவ மாட்டார். அதை மட்டும் அடைத்துவிட்டுச் சும்மா இருப்பார். "அடைச்சு வை. யாருக்கு நஷ்டமோ அவங்களே கேட்டு வருவாங்க." அப்போது எனக்கு அது சோம்பேறித்தனமாகப் பட்டது.

என் கணவர் கம்பெனி வேலையாக அமெரிக்கா போயிருந்த சமயம். ஹப்சிகுடா வீட்டில் நானும், அவர் வாங்கி வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டரும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த அக்கா, தோசையைப் பாதியில் விட்டுவிட்டு அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். நான் எதைத் தட்டினாலும் ஏதோ ஒரு எண் முகவரிக்கு என்னவோ போய்க்கொண்டிருந்தது.

"எவனோ திருடன்க்கா" என்றேன். நினைவுக்கு வந்தது பேங்க் பாஸ்வேர்டுதான்.

"இருக்கலாம்" என்றவர், ஃபயர்வாலில் அந்த ஒரு எண்ணை மட்டும் அடைத்தார். மெயிலையோ, கணவரோடு நான் தினமும் பேசும் சாட்டிங்கையோ தொடவில்லை.

அந்த வாரமே கணவரிடமிருந்து ஐ.எஸ்.டி. வந்தது. "கம்ப்யூட்டரை என்ன பண்ணின? ஞாயித்துக்கிழமையிலேருந்து ஒண்ணுமே வரலையே."

"என்ன வரலை? நேத்துகூட சாட்ல பேசினோமே."

அங்கே குளிர் ரொம்ப அதிகம் என்று பேச்சை மாற்றினார். நான் தட்டியதெல்லாம் அவருக்குத்தான் போயிருக்கிறது. திருடனாகவே இருந்திருக்கக் கூடாதா என்றிருந்தது.

அக்காவிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "அந்த அடைப்பை எடுத்துடட்டுமாக்கா? அவர் கோவிச்சுப்பாரே" என்று கேட்டேன்.

"நக்கோ, வேண்டாம். சண்டை போடு, போடாம இரு, உன் இஷ்டம். அடைச்சதைத் திறக்காதே."

கணவர் திரும்பி வந்ததும், உன் பாதுகாப்புக்குத்தான் அப்படிச் செய்தேன் என்றார். இன்றும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அதன் பிறகு எத்தனையோ கம்ப்யூட்டர்கள் மாறிவிட்டன. புதிதாக எது வந்தாலும் நான் முதலில் செய்வது அந்த எண்ணை அடைப்பதுதான். எனக்கு அது மனப்பாடம். அது இப்போது செத்துப்போன முகவரியாகக்கூட இருக்கலாம். இருக்கட்டுமே. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.

இதைத் தட்டிக்கொண்டிருக்கும்போது கணவர் பின்னால் வந்து நின்றார். "என்ன எழுதுற?"

"வசந்தா அக்காவைப் பத்தி."

"எனக்கு அனுப்பேன், படிக்கிறேன்."

அச்சில் வந்ததும் எல்லோரோடும் சேர்ந்து படிக்கலாம் என்றேன்.