அந்த ஊரைச் சுற்றிப் போகும் வழி

பேருந்துப் பணிமனையில் எல்லோரும் அவரை 'டைம்டேபிள்' என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எந்த ஓட்டுநர் எங்கே இறங்கி யாரிடம் வண்டியை ஒப்படைக்க வேண்டும் என்பதையெல்லாம் ஒரு நீளமான மேஜைமேல் குனிந்து நின்றபடியே தீர்மானித்தவர் அவர். "சார், சாப்பிடுறதுக்கு நேரம் வெச்சிருக்கீங்களா, இல்ல மூச்சு விடுறதுக்கு மட்டுமா?" என்று ஓட்டுநர்கள் சீண்டுவார்கள். அவர் சிரிக்க மாட்டார். பென்சிலால் எதையோ அழித்துத் திருத்திவிட்டு, "இப்ப மூச்சும் விடலாம், சாப்பிடவும் செய்யலாம், போய்யா" என்பார். ஊரெல்லாம் பேருந்து ஓட்டிவைத்தவர் தான் மட்டும் எங்கும் போனதில்லை.

ஓய்வு பெற்றதும் யாரிடமும் சொல்லாமல் ஒரு பழைய கேரவனை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். தெருவையே அடைத்துக்கொண்டு நின்றது அது. "என்ன சார், சினிமாவுல நடிக்கப் போறீங்களா?" என்றார் எதிர்வீட்டுக்காரர். உள்ளே ஓர் அடுப்பு, மடக்கினால் கட்டிலாகிற மேஜை, ஆள் திரும்பினால் முழங்கை இடிக்கிற கழிப்பறை, கூரைக்கு மேலே சூரியத் தகடு. அவர் மனைவி ஒருமுறை ஏறி உள்ளே சுற்றிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. வீட்டைவிடப் பரவாயில்லை" என்றாள்.

வீட்டைவிடப் பரவாயில்லை என்று அவள் சொன்னதற்குக் காரணம் இருந்தது. இரண்டு பிள்ளைகளில் சின்னவன் இறந்து மூன்று வருடமாகியிருந்தது. அவனுடைய அறைக்கதவைத் தாண்டும்போதெல்லாம் இருவருக்கும் நடை தானாக வேகமெடுக்கும். பெரியவன் வெளியூர் போய் அங்கேயே தங்கிவிட்டான். மிச்சமிருந்த இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிடப் பழகியிருந்தார்கள். எங்காவது கிளம்பிப் போனால் தேவலை என்று அவருக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. வடக்கே மலைகள் வரை ஏறி, அங்கிருந்து இறங்கி, கடற்கரையோடு ஊர்ந்து திரும்பி வருவது என்று முடிவு செய்தார்.

சாப்பாட்டு மேஜையில் பெரிய வரைபடத்தை விரித்தார். சுருண்டுகொண்ட மூலைகளின்மேல் உப்பு ஜாடியையும் டம்ளர்களையும் தூக்கி வைத்தார். போன் சொல்லும் வழியை அவர் நம்பவில்லை. "அதுக்குக் கார்தான் தெரியும். நம்ம வண்டி உயரம் அதுக்கு எங்கே தெரியப்போகுது? தாழ்வான பாலத்துல கொண்டுபோய் மாட்டிவிட்டுரும்" என்றார். எங்கே தண்ணீர் நிரப்பலாம், எங்கே கழிவுத் தொட்டியைக் காலி செய்யலாம், எந்தப் பெட்ரோல் பங்கில் ராத்திரி நிறுத்த விடுவார்கள், எந்த இறக்கம் இந்த பாரத்துக்கு ஆகாது என்று ஒவ்வொன்றாக விசாரித்து விசாரித்து, பென்சில் கோட்டை மெல்ல வடக்கே நகர்த்திக்கொண்டு போனார். இருட்டுவதற்கு முன்னால் வண்டி நின்றாக வேண்டும் என்பது அவர் போட்ட முதல் சட்டம். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

ஒரு நாள் மத்தியானம் அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நெடுஞ்சாலை நேரா இப்படிப் போகுதே. நீங்க ஏன் இங்கே இறங்கி மலையைச் சுத்துறீங்க?"

"அது பெரிய ஊரு. ஒரே நெரிசல். இந்த வண்டியை வெச்சுக்கிட்டு உள்ளே நுழைஞ்சா வெளியே வர முடியாது."

"வெளிவட்டச் சாலை இருக்கு."

"நிறுத்த இடம் கிடையாது."

"இருக்குங்க. ஆத்தங்கரை ஓரமா ஒரு முகாம் இருக்கு. தண்ணி, கரண்ட் எல்லாம் உண்டு. நானே போன் பண்ணிக் கேட்டேன்." அவள் கொஞ்ச நேரம் வரைபடத்தையே பார்த்தாள். "எங்கே சுத்தினாலும் அந்த ஊரை மட்டும் தொடாமப் போறீங்க. அது எப்படிங்க?"

அந்த ஊரில்தான் பெரியவன் இருந்தான்.

நண்பன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டு அண்ணனும் தம்பியும் காரில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஓட்டியது பெரியவன். நல்ல மழை. வளைவில் ஒரு லாரி விளக்கில்லாமல் நின்றிருந்தது. ஓட்டியவன்மேல் குற்றமில்லை என்று போலீசே சொல்லிவிட்டது. ஆனால் அதற்கு முன்பே, ஆஸ்பத்திரி நடையில், உறவுக்காரர்கள் அத்தனை பேர் முன்னிலையில், நெற்றியில் சின்னதாக ஒரு பிளாஸ்திரியோடு நின்ற பெரியவனைப் பார்த்து அப்பா கேட்டுவிட்டார்: "அவன் போயிட்டான். நீ மட்டும் எப்படிடா முழுசா வந்து நிக்கிறே?"

பெரியவன் காரியங்கள் முடியும்வரை இருந்தான். பிறகு வேலையை விட்டுவிட்டு, ஒரு பெட்டியோடு அந்த ஊருக்குப் போய்விட்டான். அம்மாவோடு மட்டும் போனில் பேசுவான். அவள் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போவாள். அவர் ஒன்றும் தெரியாதவர் மாதிரி டிவி பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் கை தானாகப் போய் ஒலியைக் குறைத்துவிடும்.

"அந்த ஊர்ல ஒரு நாளாவது நிறுத்தலைன்னா நான் வரலை. நீங்க மட்டும் போய்ட்டு வாங்க" என்றாள் மனைவி. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. மறுபடி கத்தியை எடுத்து நறுக்க ஆரம்பித்துவிட்டாள்.

அவர் மலையைச் சுற்றிய கோட்டை ரப்பரால் அழித்தார். அழுத்தி அழித்ததில் அந்த இடத்தில் காகிதம் மெலிந்துபோய்விட்டது.

பயணத்தின் முதல் பகுதி நன்றாகத்தான் போனது. முதல் நாள் ஒரு காய்கறிச் சந்தைக்குப் பக்கத்து பெட்ரோல் பங்கில், லாரிகளின் உறுமலுக்கு நடுவே தங்கினார்கள். மறுநாள் ஓர் ஏரிக்கரை. தரை சரிவாக இருந்ததால் சக்கரங்களுக்கு அடியில் பலகை கொடுத்து வண்டியை மட்டமாக்கினார். அவள் அடுப்பின்மேல் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் உங்க பக்கம் சாயுது" என்று கத்தினாள். வளைவுகளில் அலமாரியிலிருந்து ஒரே டம்ளர் மீண்டும் மீண்டும் விழுந்தது. மூன்றாம் தடவை விழுந்தபோது அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று அவர் யோசித்துக்கொண்டே ஓட்டினார். குறுகிய பாலங்களில் அவள் அந்தப் பக்கத்து ஜன்னல் வழியே தலையை நீட்டி, "வரலாம், வரலாம், நில்லுங்க, ம், வரலாம்" என்பாள்.

அந்த ஊருக்குள் நுழைய வேண்டிய காலையில் அவர் சக்கரங்களுக்குக் காற்றுப் பார்த்தார். பிறகு எண்ணெய் பார்த்தார். பாதிக்கு மேல் இருந்த தண்ணீர்த் தொட்டியை நிரப்ப வேண்டும் என்றார். கண்ணாடியைத் துடைத்தார். மனைவி எப்போதோ முன்சீட்டில் ஏறி பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"காத்தெல்லாம் போதும். கிளம்புங்க."

ஆற்றங்கரை முகாம் அவள் சொன்ன மாதிரியே வசதியாக இருந்தது. பொறுப்பாளர் அம்மாள் ஒருத்தி கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு ரிவர்ஸ் எடுக்க உதவினாள். சாயங்காலம், வெயில் தணிந்த பிறகு, பெரியவன் வந்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி வில்லை தேய்க்கிற வேலை அவனுக்கு. கடையிலிருந்து நேராக நடந்தே வந்திருந்தான். அவன் கார், பஸ் எதிலும் ஏறுவதில்லை என்று மனைவி வழியிலேயே அவரிடம் சொல்லியிருந்தாள். இளைத்திருந்தான். காதோரம் நரைத்திருந்தது. அம்மா அவன் கையைப் பிடித்தவள் விடவே இல்லை.

"வாப்பா" என்றார் அவர். வண்டியைச் சுற்றிக் காட்ட ஆரம்பித்தார். இது நல்ல தண்ணீர்த் தொட்டி, இது கழிவுத் தொட்டி, பேட்டரி சீட்டுக்கு அடியில் இருக்கிறது, வெயில் இல்லாவிட்டாலும் இரண்டு நாள் தாங்கும். பெரியவன் ஒவ்வொன்றுக்கும் "ம்" சொன்னான். படிவரைக்கும் வந்து உள்ளே எட்டிப் பார்த்தான். ஏறவில்லை.

வெளியே மடக்கு நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்தார்கள். அம்மா டீ போட உள்ளே போனதும் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில நான்..."

"வேண்டாம்பா."

"இல்லடா, நான் என்ன நினைச்சு..."

"நீங்க கேட்டது தப்புன்னு நான் நினைக்கலைப்பா. நானும் அதைத்தான் தினமும் கேட்டுக்கறேன்." அவன் ஆற்றைப் பார்த்துக்கொண்டு, கோபமில்லாமல், கடையில் யாரோ விசாரித்ததற்குப் பதில் சொல்கிற குரலில் சொன்னான். "பதில்தான் தெரிய மாட்டேங்குது."

அவர் எழுந்து போய், ஏற்கெனவே இறுக்கமாக இருந்த நிழல்துணிக் கயிற்றை இன்னும் இழுத்துக் கட்டினார். கண்கள் கலங்கியதை முதுகு காட்டி மறைத்துக்கொண்டார். டீ வந்தது. குடித்தார்கள். அவன் நடந்தே போய்விட்டான்.

மறுநாள் காலை அவர் கிளம்பத் தயாரானபோது, மனைவி கட்டிலுக்கு அடியிலிருந்து இரண்டு பெரிய பைகளை வெளியே இழுத்தாள். அந்தப் பைகளில் குளிர்காலத் துணிகள் இருந்தன, மாதக்கணக்குக்கு வேண்டிய ரத்த அழுத்த மாத்திரைகள் இருந்தன, அவளுடைய தலையணைகூட இருந்தது.

"இதெல்லாம் எதுக்கு?"

"நான் இங்கேயே இருந்துக்கறேங்க. ராத்திரி விளக்கை அணைச்சா அவனுக்குத் தூக்கம் வர மாட்டேங்குதாம். தனியா இருக்கான்."

"எத்தனை நாளைக்கு?"

"தெரியலை."

வரைபடம் விரித்த நாளிலிருந்தே அவளுக்கு இந்த ஊர் வரைக்கும்தான் பயணம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "அப்ப நான் என்ன செய்யறது?" என்றார். குழந்தை கேட்பது போலிருந்தது அது.

"உங்களுக்கென்ன, வழியெல்லாம் போட்டு வெச்சிருக்கீங்களே" என்றாள். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே ஆறுதலுக்குத்தான் சொன்னாள். ஆட்டோவில் பைகளை ஏற்றிக்கொண்டு போகும்போது, மாத்திரை சாப்பிட மறக்காதீர்கள் என்று அவருக்கும் சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் வண்டியை எடுத்தார். அடுத்த முகாமில் முன்பே இடம் பிடித்து வைத்திருந்தார், போகாமலிருப்பது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. குறுகிய பாலத்தில் ஏறும்போது அந்தப் பக்கம் பார்த்துச் சொல்ல ஆளில்லாமல், நடுவில் நிறுத்தி, இறங்கிப் பார்த்து, பின்னால் வந்தவர்களின் ஹாரனையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு கடந்தார். மலையடிவார முகாமில் ரிவர்ஸ் எடுத்தபோது குழாய்க் கம்பத்தில் இடித்துப் பின்விளக்கு நொறுங்கியது. பக்கத்து வண்டிக்காரர் ஓடி வந்தார்.

"தனியாவா சார் வந்திருக்கீங்க?"

"இல்ல, வீட்டுக்காரி பின்னாடி வர்றா."

அந்தப் பொய்யைச் சொன்ன பிறகு அவரால் அங்கே இருக்க முடியவில்லை. விடிந்ததும் மலையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். மேகம் மூடிக் கிடந்தது, ஒன்றும் தெரியவில்லை. வண்டியைத் திருப்பினார்.

ஆற்றங்கரையில் அவர் பழைய இடத்தில் வேறு யாரோ இருந்தார்கள். கழிப்பறைக் கட்டடத்துக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது.

"எத்தனை நாள் சார்?" என்றாள் விசில் அம்மாள்.

"பார்க்கலாம்."

"பார்க்கலாம்னு எழுத முடியாதுங்க."

"ஒரு வாரம் போடும்மா" என்றார்.

அந்த ஒரு வாரம் நீண்டுகொண்டே போனது. மனைவி சில காலைகளில் வருவாள். துணியை எடுத்துப்போய்த் துவைத்துக் கொண்டுவருவாள். அவன் இப்போது கொஞ்சம் தூங்குகிறான், முந்தாநாள் கடையில் நடந்த எதையோ சொல்லிச் சிரித்தான் என்பாள். வீட்டுக்கு வந்து இருங்கள் என்று அவள் கூப்பிடவில்லை. அது அவன் வீடு, கூப்பிட வேண்டியவன் அவன்தான். நீ திரும்பி வா என்று இவரும் கேட்கவில்லை. வண்டி வெயிலில் நின்று நிறம் மங்கியது. நீண்டநாள் தங்குகிறவர்களுக்கான மூலைக்கு அவரை மாற்றினார்கள். புதிதாக வருகிறவர்கள் வழி கேட்டால் சொல்வார். அந்தப் பாலம் தாழ்வு, அந்த இறக்கத்தில் கியரைக் குறைத்துக்கொள்ளுங்கள், இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள் என்பார். அவர்கள் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிப் போவார்கள்.

பெரியவன் எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவான். வண்டியைப் பற்றி மட்டும் பேசுவார்கள். தண்ணீர் பம்பு சத்தம் போடுகிறது, கதவு சரியாக மூடவில்லை, இப்படி. ஒரு ஞாயிறு, பேசிக்கொண்டிருந்தபோதே மழை கொட்ட ஆரம்பித்தது. ஒதுங்க வேறு இடமில்லை. அவன் ஒரு கணம் தயங்கி, படியேறி உள்ளே வந்து, கதவோரம் நின்றான். கூரையில் மழை தகரத்தில் கல் விழுவது மாதிரி விழுந்தது. அவன் கை மேஜை விளிம்பைப் பிடித்திருந்தது. அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார், அசைந்தால் வண்டி ஆடும் என்று.

சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தை அவன் பார்த்தான். "இங்கேருந்து எங்கே போறதா இருந்ததுப்பா?"

"மலைக்கு. அப்புறம் அந்தப் பக்கம் இறங்கி, கடலோரமாவே."

"அம்மாவுக்குக் கடல் பிடிக்கும்."

"ஆமா." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார். "நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுடா."

"சரிப்பா" என்றான் அவன். அந்தச் 'சரி'யில் மன்னித்துவிட்டேன் என்பதும் இல்லை, மாட்டேன் என்பதும் இல்லை. மழை விட்டதும் இறங்கிச் சேற்றில் கால் வைத்து நடந்தான்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அப்புறம் ஒரு நாள் வந்தான், அம்மா கொடுத்தனுப்பிய சாப்பாட்டோடு. வானம் தெளிவாக இருந்ததால் நாற்காலிகளை வெளியே போட்டுத்தான் சாப்பிட்டார்கள்.