ஒயரை விட்டுவிட்டு வாங்கிவந்த பேஸ் கிட்டார்

எனக்கு எண்பத்து மூன்று வயது முடிந்துவிட்டது. ஏழு பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஐந்து நான் பெற்றது, இரண்டு என் கொழுந்தனார் விட்டுப்போனது. ஏழில் ஒன்றுகூடச் சோடை போகவில்லை. மாடு கன்று எத்தனை வளர்த்தேன் என்றால் அது எனக்கே நினைவில்லை. வில்லியனூர் பக்கத்தில் எங்கள் ஊரில் யார் மாடு வாங்கப் போனாலும் என்னை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவார்கள், ஆம்பிளைகள்கூட. பல் பிடித்துப் பார்ப்பது, சுழி பார்ப்பது, நாலடி நடக்கவிட்டுப் பார்ப்பது எல்லாம் எனக்கு அத்துப்படி. இந்த மாடு இவ்வளவு பெறும் என்று நான் சொன்னால் சந்தையில் பத்து ரூபாய் முன்னே பின்னே இருக்காது. அப்படிப்பட்ட நான் ஒரு பொருளை வாங்கப்போய்த் திக்குத் தெரியாமல் நின்றேன். பேஸ் கிட்டார் என்று அதற்குப் பெயர்.

நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எண்பத்திரண்டோ மூன்றோ, வருஷம் சரியாக நிற்கவில்லை. மாசி மாதம், கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. என் மூன்றாவது பிள்ளை அப்போது சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். வேலை விட்டால் நேரே வில்லியனூருக்குப் போய்விடுவான். அங்கே ஒரு மெல்லிசைக் குழு. கோயில் திருவிழா, கல்யாணம் என்று கச்சேரி செய்கிறவர்கள். அதில் பேஸ் கிட்டார் வாசித்தவர் துபாய்க்குப் போய்விட்டார். அவர் இருந்தபோதே அவருடையதைக் கெஞ்சி வாங்கி என் பிள்ளை கற்றுக்கொண்டிருந்தான். குழுவை நடத்தியவர் ஒரு டிராயிங் மாஸ்டர். அவர் சொன்னார், சொந்தமாகக் கிட்டாரும் அதன் சத்தம் வருகிற பெட்டியும் கொண்டு வருகிறவனுக்குத்தான் இடம், கடலூரில் இருந்து ஒருத்தன் வருகிறேன் என்கிறான், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரெண்டு பேரும் வாசியுங்கள், யார் என்று பார்த்துக்கொள்கிறேன் என்று. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

பிள்ளை சாப்பிடவில்லை. கேட்டால் சொல்லவும் இல்லை. மூன்றாம் நாள் வாயைத் திறந்தான். புதுச்சேரியில் ஒரு வீட்டில் பழைய பேஸ் கிட்டாரும் பெட்டியும் விலைக்கு இருக்கிறதாம். சனிக்கிழமைக்குள் எடுக்காவிட்டால் வேறு ஆள் எடுத்துவிடுவானாம். அவனுக்கோ அன்றைக்கு லீவு கிடையாது. வேலை புதுசு, போனால் போனதுதான்.

என் கைவளர்ப்பில் ஒரு கிடாரி இருந்தது. நல்ல ஜாதி. அதை வெள்ளிக்கிழமையே விலைக்குக் கொடுத்தேன். நான் போய்ப் பார்த்து வாங்கிவருகிறேன் என்றேன். வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, எனக்குச் சொல்வதுபோல் இல்லாமல் எருமைக்குச் சொன்னார்.

"மாடு பாத்த கண்ணால மேளம் பாக்கப் போறாளாம்."

எனக்கு ரோசம் வந்துவிட்டது. ரோசம் வந்தால் நான் ஒன்றும் பேசமாட்டேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்குப் போய் நின்றேன்.

பிள்ளை சொல்லி அனுப்பியிருந்தான். கழுத்தை ஒற்றைக்கண்ணால் பார்க்க வேண்டும், வளைவு இருக்கக்கூடாது. முனையில் இருக்கிற நாலு திருகும் இறுக்கமாகத் திரும்ப வேண்டும். பெட்டிக்குள் கறுப்பாக வட்டமாக ஒரு காகிதம் இருக்கும், அதில் கிழிசல் இருக்கக்கூடாது. அவ்வளவையும் பஸ்ஸில் வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன். விலை மட்டும் அவன் சொல்லவில்லை. அவனுக்கே தெரியாது. "நீ பாத்துப் பேசும்மா" என்றுவிட்டான்.

அது ஒரு சொல்தா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கினவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். அவர் இறந்துவிட்டார். அவர் பெண்சாதி மட்டும் இருந்தார், என்னைவிடப் பதினைந்து வயது கூட இருக்கும். கிட்டார் அவர் பிள்ளையுடையது. பிள்ளை பிரான்சுக்குப் போய் ரெண்டு வருஷம் ஆகிறது, விற்றுவிடு என்று எழுதியிருக்கிறான் என்றார். சுவரில் அவன் போட்டோ இருந்தது. தொப்பி போட்டுக்கொண்டு பனியில் நிற்கிறான்.

கிட்டாரைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். நல்ல கனம். அதுவே எனக்குப் பிடித்தது. ஏர்க்காலை நோக்குகிற மாதிரி ஒற்றைக்கண்ணால் நோக்கினேன், நேராக இருந்தது. திருகுகள் சரி. காகிதம் சரி. ஆனால் நாலே நாலு கம்பிதான் இருந்தது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒரு கிட்டார் வைத்திருந்தார், அதில் ஆறு கம்பி. இதில் ரெண்டைக் கழற்றிவிட்டார்களோ என்று சந்தேகம் வந்துவிட்டது. கம்பி கட்டுகிற ஓட்டையை எண்ணினேன். அதுவும் நாலுதான். கம்பி குறைந்தால் விலையும் குறைய வேண்டாமா என்று கேட்டேன். அந்த அம்மாள் கம்பியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எனக்கு இன்னா தெரியும். அவன் வாசிச்சா எங்க வூட்டு ஜன்னல் ஆடும். அவ்ளோதான் தெரியும்."

ஒரு கறுப்பு ஒயரை எடுத்து, ஒரு முனையைக் கிட்டாரிலும் ஒரு முனையைப் பெட்டியிலும் சொருகினார். பிள்ளை சொருகினதைப் பார்த்த பழக்கம். பெட்டிக்குக் கரண்டு போட்டதும் உள்ளே இருந்து உஸ் என்று மூச்சு வந்தது. நான் கட்டை விரலால் பெரிய கம்பியை ஒரு தட்டு தட்டினேன். சினைமாடு அடித்தொண்டையில் கூப்பிடுமே, அந்த மாதிரி ஒரு சத்தம். அலமாரியில் இருந்த கண்ணாடி டம்ளர் எல்லாம் கிணுகிணு என்றது. இதுதானா பாட்டு என்று எனக்குக் குழப்பமாகப் போய்விட்டது. நல்ல சத்தமா, கெட்ட சத்தமா? மாடு கத்தினால் பசியா சுகவீனமா என்று சொல்லிவிடுவேன். இதை யாரிடம் கேட்பது?

விலை சொன்னார். நான் பழக்கத்தில் பாதி கேட்டேன். விற்கிறவர் கோபப்பட வேண்டும், நான் எழுந்துகொள்ள வேண்டும், அவர் கூப்பிட வேண்டும். அதுதானே முறை. அவர் கோபப்படவில்லை. "நீ கேக்கறது நாயமா இல்லியான்னு எனக்கே தெரியல" என்றார். எனக்கும் தெரியவில்லை. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்தக் கிட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் நடுவாக ஒரு விலைக்கு வந்தோம். என் கிடாரிக்கு வந்த விலை அது. மடியில் இருந்து எடுத்துக் கொடுக்கும்போது என் கை கொஞ்சம் நின்றுதான் போனது.

அப்புறம்தான் நான் அந்தக் காரியம் செய்தேன். எங்கள் பக்கம் மாடு விற்றால் கயிறு விற்கமாட்டார்கள். மாட்டோடு கயிறும் போனால் கொட்டிலில் இருக்கிற லட்சுமியும் கூடவே போய்விடும். வாங்குகிறவர்தான் புதுக்கயிறு கொண்டுபோய் மாட்டிப் பிடித்துவர வேண்டும். பழைய கயிற்றையும் கொடு என்று கேட்பது ஈனம். அந்த ஒயர் எனக்குக் கயிறாகத்தான் தெரிந்தது. அது வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மாட்டுக்கும்தான் கயிறு வேண்டும். ஒயர் எந்தக் கரண்டுக் கடையில் கிடைக்காது என்று நினைத்தேன். ரெண்டு பக்கமும் பிடுங்கி, சுற்றி, அந்த அம்மாள் கையில் கொடுத்தேன்.

"கயிறு உங்க வூட்லயே இருக்கட்டும்க்கா. நாங்க புதுசு போட்டுக்கறோம்."

அவர் ஒயரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். நீ எந்த ஊர் என்று கேட்டார். அவர் பிறந்தது கரையாம்புத்தூராம், மாடு கட்டிப் பிழைத்த குடும்பமாம். முறை தெரிந்த மனுஷியிடம் முறையோடு நடந்தோம் என்று எனக்கு ஒரே பெருமை. பெட்டியைப் பஸ் மேலே ஏற்றினேன். கிட்டாரைப் பழைய புடவையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர், "இன்னாக்கா, கலப்பையா?" என்றார். ஆமாம், உழத்தான் போகிறது என்றேன்.

பிள்ளை வேலை விட்டு ஓடி வந்தான். புடவையைப் பிரித்ததும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கழுத்தை நோக்கினான், தடவினான், என்னைக் கும்பிடாத குறை. பிறகு தேட ஆரம்பித்தான். புடவையை உதறினான். பெட்டிக்குப் பின்னால் பார்த்தான்.

"எம்மா, ஒயரு எங்க?"

சொன்னேன். அவன் கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கிட்டாரைத் திரும்பப் புடவையில் சுற்றினான். கிட்டாரையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வில்லியனூரில் ரேடியோ ரிப்பேர் கடைக்கு ரெண்டு பேரும் போனோம். அந்த ஒயர் ரெண்டு முனையிலும் பென்சில் கனத்துக்கு ஒரு பித்தளைப் பின் இருக்குமாம். அது இங்கே எங்கும் கிடைக்காது, மெட்ராஸில் சொல்லி வாங்க வேண்டும் என்றார் கடைக்காரர். வெறும் ஒயரை முறுக்கிச் சொருகிப் பார்த்தார், பெட்டி உறுமியதே தவிர வேறு சத்தம் இல்லை. குழுவில் இன்னொரு கிட்டார்காரரிடம் இருந்தது ஒன்றே ஒன்று, ஞாயிற்றுக்கிழமை அவரும் கூடவே வாசிக்க வேண்டும், அது இல்லாமல் முடியாது. கடலூர்க்காரனிடம் போய்க் கேட்க முடியுமா? வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எருமைக்குக்கூட ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மறுபடி பஸ் ஏறினேன். கொடுத்த கயிற்றைத் திருப்பிக் கேட்கப் போகிறேன். எங்கள் பரம்பரையில் யாரும் செய்யாத காரியம். அந்த அம்மாள் பூசைக்குக் கோயிலுக்குப் போயிருந்தார். படியில் உட்கார்ந்திருந்தேன். வந்ததும் என்னைப் பார்த்து ஆச்சரியப்படவே இல்லை. உள்ளே கூட்டிப்போய்க் காப்பி கொடுத்தார். நான் நிமிர்ந்து பார்த்தேன். பிள்ளையின் போட்டோவுக்குக் கீழே ஒரு ஆணி அடித்து, அந்த ஒயரை வளையமாகச் சுற்றி மாட்டியிருந்தார். முந்தின நாள் அந்த ஆணி அங்கே இல்லை.

சட்டென்று கண்ணைக் காப்பி டம்ளருக்குத் திருப்பிக்கொண்டேன்.

"ஒயருக்குத்தான வந்த?" என்றார்.

இல்லை என்றேன். கிட்டாருக்கு உறை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுப் போக வந்தேன் என்று பொய் சொன்னேன்.

"உறை இல்ல. ஒயர் இல்லன்னா அது ஊமைன்னு எனக்கு நேத்தே தெரியும். சொல்லத்தான் வந்தன். நீ கயிறுன்னு சொன்னியா, எனக்கு வாய் வரல."

தெரிந்தேதான் விட்டாரா? ஊமைக் கிட்டாரை முழு விலைக்கு என் தலையில் கட்டினாரா? கோபம்கூட வந்தது. அவரே மெதுவாகச் சொன்னார். ரெண்டு வருஷமாக அவன் சாமான் ஒவ்வொன்றாக அந்த வீட்டை விட்டுப் போகிறதாம். சைக்கிள் போனது, கட்டில் போனது. வந்தவர்கள் எல்லாம் இதுவும் சேர்த்தா, அதுவும் சேர்த்தா என்று கேட்டு வாங்கிப் போனார்களாம். கயிற்றை விட்டுவிட்டுப் போனது நான் ஒருத்திதானாம். மாடு போனாலும் கயிறு இருக்கிறதே, கொட்டிலுக்குத் திரும்ப ஒன்று வரும் என்பார்களே, அந்த நினைப்பில் மாட்டி வைத்தேன் என்றார்.

கோபம் போன இடம் தெரியவில்லை. ஆனால் என்ன செய்வது என்றும் தெரியவில்லை. கேட்டால் அவர் பிள்ளையின் நினைப்பு போகும், கேட்காவிட்டால் என் பிள்ளையின் இடம் போகும். டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அது இங்கயே இருக்கட்டும்க்கா. நான் வரன்."

மனசாரத்தான் சொன்னேன். ஆனால் என் கால் எழுந்திருக்கவில்லை. அதை அவர் பார்த்துவிட்டார்.

"உம்புள்ள எப்ப வாசிக்கணும்?"

"இன்னிக்கி சாயங்காலம்."

அவர் எழுந்து ஆணியில் இருந்து ஒயரை எடுத்தார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

"எம்புள்ள இனிமே வர்றதுக்கில்லன்னு எழுதிட்டான். நான்தான் யாருக்கும் சொல்லல. புடி, பஸ்ஸுக்கு நேரமாவுது."

வாங்கிக்கொண்டேன். பதிலுக்குக் கொடுக்க என் பையில் பஸ் காசைத் தவிர ஒன்றும் இல்லை. வெறுங்கையோடு படி இறங்கினேன். அவர் கதவைச் சாத்தும் சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் எனக்குத் தைரியம் இல்லை.

சாயங்காலம் டிராயிங் மாஸ்டர் வீட்டு மாடியில் என் பிள்ளை வாசித்தான். கடலூர்க்காரனும் வாசித்தான். எனக்கு ரெண்டும் ஒன்றுபோலத்தான் கேட்டது. என் பிள்ளைக்குத்தான் இடம் கிடைத்தது. மாஸ்டர் கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இந்த விலைக்கு இது கொள்ளை மலிவு என்றார். டிரம் அடிப்பவர் பெட்டியைத் தட்டிப் பார்த்து, அம்மா நன்றாக ஏமாந்துவிட்டீர்கள் என்றார். நான் பிள்ளையைப் பார்த்தேன். அவன் காதில் ரெண்டுமே விழவில்லை, வேட்டி முனையால் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தான். பதினெட்டு வருஷம் அதைத்தான் வாசித்தான்.

அப்புறம் ஒவ்வொரு பொங்கலுக்கும் புது அரிசியும் ரெண்டு கரும்பும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்வந்தேன். ஆறு வருஷம் போனேன். பிள்ளை வந்தானா என்று ஒருமுறைகூட நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஏழாம் வருஷம் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் ஒருவர், அந்த அம்மாள் பிரான்சுக்குப் போய்விட்டார் என்றார், இன்னொருவர் இறந்துவிட்டார் என்றார். எது உண்மை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கரும்பை அங்கேயே படியில் வைத்துவிட்டு வந்தேன்.

தெரிந்தே என்னை ஊமைக் கிட்டாரோடு அனுப்பியவர் அவர். தன் வீட்டில் மிஞ்சி இருந்ததை எடுத்து எனக்குக் கொடுத்தவரும் அவர்தான். ஒரே ஆளை நல்லவரா கெட்டவரா என்று அன்றைக்கு அவசரமாகக் கணிக்கப் பார்த்தேன், முடியவில்லை. மாட்டைப் பார்த்த மாத்திரத்தில் விலை சொல்கிற எனக்கு, அந்த அம்மாள் என் கையில் வைத்தது என்ன விலை பெறும் என்று நாற்பது வருஷமாக யோசித்தும் சொல்லத் தெரியவில்லை. அதன் பிறகு மனுஷர்களைப் பார்த்த உடனே எடை போடுவதை மட்டும் விட்டுவிட்டேன்.

போதும் கண்ணு, பேனாவை மூடு. நான் சொன்னதை எல்லாம் சரியாக எழுதினாயா என்று பார்க்க வேண்டும், முதலில் இருந்து ஒருதரம் நிதானமாகப் படி, ஆயா கேட்கிறேன்.