தொட்டி மண்ணைச் சந்தேகப்பட்ட சுகிர்தா டீச்சர்

சுகிர்தா டீச்சர் போய்விட்டார் என்று எங்கள் பள்ளியின் பழைய ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் நம்பவில்லை. உயிரோடு இருந்த ஓவிய வாத்தியாருக்கு மாலை போட்ட குழு அது. அவரே வந்து நன்றி சொல்லும்வரை இரங்கல் ஓயவில்லை. அதனால் பாளையங்கோட்டையில் டீச்சர் வீட்டுக்கே போன் போட்டேன். எடுத்தது பேச்சியம்மா, முக்கூடலிலிருந்து வந்து அந்த வீட்டில் தங்கி வேலை பார்ப்பவள். "ஆமாக்கா, விடியக்காலம் போயிட்டாவ" என்றாள். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து அழுதேன்.

டீச்சர் கணக்கு, நான் வரலாறு. அவரிடம் படித்தவர்களுக்குத் தெரியும், விடை தப்பாக இருந்தால் அவர் கோபப்பட மாட்டார். சரியாக இருந்தால்தான் சந்தேகம் வரும். "விடை கெடக்கட்டும், வழி எங்கட்டி?" என்று பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கடைக்காரர், பால்காரர், பாதிரியார் என்று யாருக்கும் விலக்கு கிடையாது. நானும் லேசில் எதையும் நம்புகிற ஆள் இல்லை. அதனால்தானோ என்னவோ எங்களுக்கு ஒத்துப்போனது.

ஓய்வு பெற்ற பிறகு அவருடைய கணவர் தனராஜ் சாருக்கு வாதம் அடித்தது. பேச்சு போனது. கையைத் தூக்க முடியவில்லை. கண் மட்டும் முன்போலவே இருந்தது. தோட்டக்கலைத் துறையில் வேலை பார்த்த மனிதர் என்பதால், கட்டிலைச் சுற்றி ஜன்னலோரம் மணி பிளான்ட், பாம்புக் கற்றாழை என்று தொட்டி தொட்டியாக வைத்தார் டீச்சர். சார் நாள் முழுக்க அவற்றையே பார்த்துக்கொண்டிருப்பார். கொஞ்ச நாளில் அந்தத் தொட்டிகளிலிருந்து பொடி ஈ கிளம்பியது. கொசுவைவிடச் சின்னது, கறுப்பு. கடிக்காது. நமக்கென்றால் கையை ஆட்டினால் போய்விடும். சாருக்கு அது உதட்டில் உட்காரும், இமையில் உட்காரும். அவர் கண்ணைக் கொட்டிக் கொட்டிப் பார்ப்பார், அது நகராது. டீச்சர் ஒரு மத்தியானம் அதைப் பார்த்துவிட்டார். செடிகளை வெளியே எடுத்து வைத்தால் சார் கண்ணையே திறக்கவில்லை. ஆக, செடியும் இருக்க வேண்டும், ஈயும் வரக் கூடாது.

அன்றிலிருந்து மண்மேல் விசாரணை ஆரம்பமானது. எப்போதும் நசநசவென்று கிடக்கும் மேல்மண்ணில்தான் அது முட்டையிடுகிறது என்று கண்டுபிடித்தார். "ஈய அடிச்சுப் பிரயோசனம் இல்லட்டி, ஈரத்த ஒழிக்கணும்" என்பார். விரலைக் குத்திப் பார்த்து, மேல்மண் நன்றாகக் காயாமல் சொட்டுத் தண்ணீர் கிடையாது. அதையும் மேலே ஊற்ற மாட்டார். அடியில் இருக்கும் தட்டில் ஊற்றுவார், தொட்டி உறிஞ்சியதுபோக மிச்சத்தை உடனே கொட்டிவிடுவார். மண்ணுக்கு மேல் காய்ந்த மணலைப் பரப்பினார். பறக்கிறவை ஒட்டிக்கொள்ளப் பசை தடவிய மஞ்சள் அட்டை குத்தி வைத்தார். அப்படியும் மனசு ஆறாமல், உருளைக்கிழங்கை வில்லையாக நறுக்கி மண்ணில் பதித்து வைத்து, மறுநாள் புரட்டிப் பார்ப்பார். புழு இருந்தால் அதன் அடியில் வந்து கூடியிருக்கும்.

மண்ணுக்கு அடுத்து மனிதர்கள். நம் ஊரில் அரிசி கழுவின தண்ணீரையும் டீத்தூள் சக்கையையும் வீணாக்க யாருக்கும் மனசு வராது. கண்ணில் படுகிற செடிக்கு ஊற்றிவிட்டு நல்லது செய்ததாக நினைத்துக்கொள்வோம். புறவாசல் முருங்கைக்கு அது சரி. வீட்டுக்குள் தொட்டியில் ஊற்றினால் ஈக்குப் பந்தி வைத்தது மாதிரிதான். வீட்டுக்கு வருகிறவர்கள் தம்ளரோடு ஜன்னல் பக்கம் போனால் டீச்சரின் பேச்சு பாதியில் நிற்கும். திருச்செந்தூர் போய்விட்டு வரும் வழியில் சாருக்கென்று நான் ஆசையாக ஒரு செடி வாங்கிக் கொடுத்தேன். அதைக் கேட் ஓரமாக, தனியாக, குற்றவாளி மாதிரி நிறுத்தி வைத்தார். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "கோவிச்சுக்காத சிவகாமி. ஒன்ன நம்புதேன். ஒன் செடியோட மண்ணத்தான் நம்பல" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கொஞ்ச நாள் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை.

ஈ ஒழிந்தது. சார் நிம்மதியாக இருந்தார். பிறகு திடீரென்று மறுபடியும் வந்தது. அதுவும் சாரின் தலைமாட்டில் இருந்த ஒரே ஒரு தொட்டியில் மட்டும். உருளைக்கிழங்கைப் புரட்டினால் கருந்தலையோடு வெள்ளைப் புழு நெளிகிறது. மணலை விலக்கினால் ஈரம், புளித்த வாடை. எனக்குப் போன் வந்தது. முந்தின நாள் நான் சாரைப் பார்க்க வந்தபோது தொட்டியில் எதையாவது ஊற்றினேனா என்று கேட்டார். நேரில் வந்து பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, சண்டை போடுவதற்காகவே ஆட்டோ ஏறினேன்.

நான் போனபோது அடுப்படியில் பேச்சியம்மாவை நிறுத்தி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் அழுதுவிட்டாள்.

"கஞ்சிதான் டீச்சர். நீங்க அங்கன போனதும் நான்தான் ஊத்துனேன். சாருக்குத் தொண்டையில எறங்க மாட்டேங்கு. கிண்ணத்தையும் தொட்டியையும் மாறி மாறிப் பாக்காரு. மிச்சம் இருந்தா நீங்க அழுவியன்னு அவருக்குத் தெரியும்லா?"

காலிக் கிண்ணத்தைப் பார்த்து, நன்றாகச் சாப்பிடுகிறார் என்று எனக்கும் தன் மகளுக்கும் போனில் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் டீச்சர். ஊர் உலகத்தையே சந்தேகப்பட்டவர் அந்தக் காலிக் கிண்ணத்தை மட்டும் நம்பிவிட்டார். நான் கொண்டுபோன சண்டை எங்கே போனதென்று தெரியவில்லை.

அன்று மத்தியானம் கஞ்சியை அவரே எடுத்துப்போனார். சார் கண்ணை மூடிக்கொண்டார். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து, "முடிஞ்ச மட்டும் போதும். எனக்காண்டி குடிக்க வேண்டாம்" என்றார். ஒரு வாய் இறங்கியது. அடுத்தது இறங்கவில்லை. டீச்சர் எழுந்து, சார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மிச்சக் கஞ்சியைத் தொட்டியில் ஊற்றினார். எனக்குப் பதறியது. ஈ வருமே என்றேன்.

"வரட்டும். நான் ஓட்டுதேன்" என்றார்.

கொஞ்ச காலத்தில் சார் போய்ச் சேர்ந்தார். அதுவரை அந்தக் கட்டிலை விட்டு டீச்சர் நகரவில்லை. ஒரு கையில் பனையோலை விசிறி, பைய, சாரின் முகத்தருகே ஆடிக்கொண்டே இருந்தது. அழுகையை மறைக்கவும் இல்லை. சார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தச் சந்தேகத்தை. அம்பாசமுத்திரத்தில் தனியாக இருக்கும் என் அண்ணன், போன் பண்ணினால் "சாப்பிட்டாச்சு" என்கிறான். என்ன சாப்பிட்டாய், யார் பொங்கியது என்று கேட்கிறேன். பதில் வரக் கொஞ்சம் தாமதமானால், பஸ் ஏறிவிடுகிறேன்.