நாலாயிரத்தில் விழுந்த பள்ளம்

1. முதல் நாள்

அஸ்தம்பட்டியில் ஒரு காது மூக்கு தொண்டை கிளினிக்கில் கூட்டித் துடைக்கத்தான் சேர்ந்தேன். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். காது டெஸ்ட் எடுத்துக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகிப் போனதும், டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, "நீங்களே கத்துக்கங்க அக்கா" என்றார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். முதலில் என் காதையே டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாம் என்று கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். அவ்வளவுதான்.

எனக்கோ இது பரீட்சை, பெயிலானால் மறுபடி துடைப்பம்தான் என்று பயம். கேட்டபோதும் அமுக்கினேன், கேட்காதபோதும் அமுக்கினேன். கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்தார்.

"அக்கா, ரெண்டு நிமிசமா நான் ஒண்ணுமே போடலை. எதைக் கேட்டு அமுக்கினீங்க?"

பட்டனைக் கீழே வைத்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "இதுல பாஸும் இல்ல, பெயிலும் இல்ல. கேக்கலைன்னா கேக்கலை" என்றார்.

வேலை கைக்கு வர ஆறு மாதம் ஆனது. ஹெட்போனில் சிவப்பு வலது காதுக்கு, நீலம் இடது காதுக்கு. ஒவ்வொருவருக்கும் மூன்று முறை சரிபார்ப்பேன். சத்தம் தணிந்த குரலில் மோட்டார் உறுமுவது போலத் தொடங்கி, நாலாயிரம் ஹெர்ட்ஸில் சில்வண்டு மாதிரி கீச்சென்று ஏறி, எட்டாயிரத்தில் ஊசி போல முடியும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு எட்டாயிரத்தை எவ்வளவு மெல்லமாக வைத்தாலும் கை உடனே அமுக்கும். ஐம்பது தாண்டியவர்களுக்குக் கூட்டி வைக்க வேண்டும். எழுபதில் இன்னும் கூட்ட வேண்டும். வயது காதை மேல் நுனியிலிருந்துதான் தின்னும், நரைமுடி மாதிரி. ஒவ்வொரு சத்தமும் எத்தனை டெசிபலில் கேட்டதோ அதைப் படத்தில் புள்ளியாகக் குறித்துக் கோடு இழுப்பேன்; எண் கூடக் கூடப் புள்ளி கீழே இறங்கும்.

தினமும் காலையில் முதல் ஆள் வருவதற்குள் ஹெட்போனை நானே மாட்டி மிஷினைச் சோதிப்பது என் வழக்கம். ஒருநாள் மெல்லமாக வைத்த எட்டாயிரம் கேட்கவில்லை. மிஷினைக் கெடுத்துவிட்டேன் என்று டாக்டரம்மாவிடம் ஓடினேன். டாக்டரம்மா மாட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு நல்லா கேக்குதே அக்கா" என்றார். அன்றைக்கு எனக்கு நாற்பத்தெட்டு வயது.

2. சுவரைப் பார்த்த நாற்காலி

குமாரபாளையம் பக்கம் ஒரு நெசவு மில். பெயர் வேண்டாம். தறி ஷெட்டில் வேலை செய்பவர்களுக்குக் காது டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று எங்கள் கிளினிக்கைக் கூப்பிட்டார்கள். டாக்டரம்மாவுக்கு அன்று வேறு வேலை. நான் டெஸ்ட் எடுத்து வர, அவர் பார்த்துக் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு.

இரைச்சலில் நின்றுவிட்டு வந்த காது சில மணி நேரம் மரத்துப்போய் இருக்கும். அதனால் வார விடுமுறைக்கு மறுநாள் காலை, ஷிப்டு ஏறுவதற்கு முன்னால்தான் எடுப்பேன், அது முடிகிறவரை தறி ஓடக்கூடாது என்று முன்கூட்டியே கேட்டு வாங்கியிருந்தேன். பின்னால் யாராவது குறை சொல்வார்களோ என்ற பயம்தான் காரணம். வயதைக்கூட வாயால் கேட்டு எழுத மாட்டேன். நம் பக்கம் வயதைக் கேட்டால் "நாப்பது இருக்குமுங்க" என்பார்கள். அடையாள அட்டையை வாங்கிப் பிறந்த தேதியைப் பார்த்து நானே எழுதுவேன்.

மில் ஆபீஸை ஒட்டிய அறையில் மிஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் ஐந்து பேருக்கும் காது நன்றாகவே இருந்தது. அதுதான் எனக்கு உறுத்தியது. நானும் தறிக்காரர் வீட்டுப் பெண். தறி ஓடும் இடத்தில் யாரும் காதால் பேச்சைக் கேட்பதில்லை, உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள். இவர்கள் என் தோளைப் பார்த்து அமுக்குகிறார்கள் என்று புரிந்தது. நான் மிஷினைத் தட்டும்போது தோள் அசையும். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, ஐந்து பேரையும் மறுபடி கூப்பிட்டேன்.

அவர்களில் ஒருவன் செல்வராசு. இருபத்தேழு வயது, எட்டு வருடமாகத் தறியில். சுவரைப் பார்த்து உட்கார்ந்ததும் கண்டபடி அமுக்கினான். நான் சத்தத்தை நிறுத்தினேன். அப்போதும் அமுக்கினான். கதவைச் சாத்திவிட்டு எதிரில் உட்கார்ந்து ஏன் என்று கேட்டேன்.

"நல்லா கேக்குதுன்னே போட்டுருங்க அக்கா. காது போச்சுன்னு எழுதுனா தறியில இருந்து எறக்கிருவாங்க. ஊட்டுல கொழந்தைங்க ரெண்டு இருக்குது."

"பொய் எழுதுனா தறி இருக்கும் சாமி. காது இருக்காது. கேட்டா அமுக்கு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

எதைப் பார்த்துக்கொள்வேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் அவன் ஒழுங்காக அமுக்கினான். படத்தில் கோடு நேராக வந்து நாலாயிரத்தில் ஐம்பத்தைந்துக்கு விழுந்து, எட்டாயிரத்தில் முப்பதுக்கு ஏறிவிட்டது. நடுவில் கிணறு தோண்டியது மாதிரி ஒரு பள்ளம். வயதானால் கோடு இறங்கிக்கொண்டே போகுமே தவிர மறுபடி ஏறாது. இது தறி கடித்த கடி.

இருபத்தாறு பேரில் பத்தொன்பது பேருக்கு அதே இடத்தில் பள்ளம்.

3. வயதுக் கட்டம்

காகிதங்களை அடுக்கும்போது மேனேஜர் வந்தார். நின்றபடியே புரட்டினார். பிறகு ஒரு லிஸ்டை நீட்டினார்.

"ஏனுங்க, இவங்களுக்கெல்லாம் அவங்க வயசே தெரியாதுங்க. எங்க ரெஜிஸ்டர்ல இருக்கறதைப் பாத்துத் திருத்திக்கங்க. வயசானதால வந்ததுன்னு போட்டுட்டா முடிஞ்சுதுங்க."

லிஸ்டில் செல்வராசுவுக்கு நாற்பத்தேழு.

"அட்டையப் பாத்து எழுதிட்டேனுங்க. திருத்த மாட்டேன்."

"நீங்க எத்தனாவது படிச்சீங்க?"

"ஒம்பதாவது. அதுவும் பாதிதானுங்க."

"அப்பறம் எதுக்குங்க டாக்டராட்டப் பேசறீங்க? இருவத்தேழு வயசுப் பையனுக்குக் காது போவுமா? உங்க மிஷினு கெட்டுப்போச்சுங்க."

"மிஷினு கெட்டுப்போச்சுன்னா வயசை எதுக்குங்க மாத்தோணும்?"

வாசலில் நின்ற தறிக்காரர்களில் யாரோ சிரித்தார்கள். மேனேஜர் முகம் மாறியது. அங்கேயே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, ஆள் சரியில்லை என்று புகார் சொல்லிவிட்டு, போனை என்னிடம் கொடுத்தார்.

"அக்கா, உங்களுக்கு நிச்சயமா?" என்றார் டாக்டரம்மா.

வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவள் நான். அன்றைக்கு, "நிச்சயம்" என்றேன். "அப்ப அப்படியே கொண்டாங்க" என்று வைத்துவிட்டார்.

கிளம்பியிருக்கலாம். ஆனால் மிஷின் கெட்டுப்போச்சு என்ற சொல்லை அங்கே விட்டுவிட்டு வர மனசில்லை. தறிப் பக்கமே போகாமல் நூல் குடோனிலேயே காலம் கழித்த ஸ்டோர் கீப்பர் மாரிமுத்து அண்ணன் அங்கு நின்றிருந்தார். வயது ஐம்பத்தெட்டு. உட்காரச் சொன்னேன்.

"எம் சம்சாரம் கூப்பிட்டா மட்டும் கேக்காதுங்க. அதையும் எழுதிக்குவீங்களா?" என்றபடி உட்கார்ந்தார்.

தறி இன்னும் ஓடத் தொடங்கவில்லை என்பதால் கதவைத் திறந்து வைத்தே எடுத்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலாயிரம் அவருக்கு இருபத்தைந்திலேயே கேட்டது. எட்டாயிரம் ஐம்பதில்தான். பள்ளமே இல்லை, சரிவுதான். அவர் படத்தையும் செல்வராசு படத்தையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

"இதுதானுங்க வயசு. இது தறி."

மேனேஜர் லிஸ்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஆபீஸ் ஜெராக்ஸை அவரிடம் கேட்கவில்லை. வெளியே கடையில் நகல் எடுத்து அவரவர் படத்தை அவரவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் வண்டி ஏறினேன்.

டாக்டரம்மா ஒரு எழுத்தும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். இரைச்சலால் வந்த பாதிப்பு, வேலையை விட்டு நிறுத்தத் தேவையில்லை, ஷெட்டில் எல்லோருக்கும் காதுக் கவசம் வேண்டும் என்று எழுதினார். மில் அசையவில்லை. ஒருநாள் காலை தறிக்காரர்கள் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கவசம் வந்தால்தான் உள்ளே போவோம் என்று ஷெட் வாசலில் உட்கார்ந்துவிட்டார்களாம். இரண்டாம் நாள் கவசம் வந்தது. யாரையும் தறியிலிருந்து இறக்கவில்லை.

அடுத்த வருடம் அந்த மில் எங்களைக் கூப்பிடவில்லை. வேறு ஆளைக் கூப்பிட்டார்கள். கூப்பிடட்டும். செல்வராசு இன்னும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு விடுமுறை நாளில் பஸ் ஏறி அஸ்தம்பட்டிக்கே வந்துவிட்டான். சுவரைப் பார்த்து நாற்காலியைத் தானே திருப்பிப் போட்டுக்கொண்டான். பள்ளம் நிரம்பவில்லை, அது நிரம்பாது. ஆனால் ஆழமாகவும் ஆகவில்லை.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மிரட்டினால் பயப்படுங்கள், தப்பில்லை, நானும் பயந்தேன். ஆனால் வயதை நீங்களே எழுதுங்கள், கேட்டதைக் கேட்டபடி குறியுங்கள். புள்ளி அதன் இடத்தில் விழ வேண்டும்.