பன்னுவுக்குச் சேர்த்த சாமான்

மேனாம்பேட்டில் சாராளைத் தெரியாத வீடு என்றால், அது மூன்று வயதுப் பிள்ளை இல்லாத வீடாகத்தான் இருக்கும். அங்கே ஒரு மழலைப் பள்ளியில் அவள் ஆயாம்மா. பள்ளி திறக்கும் அன்று கேட்டில் நடக்கும் ரகளை முழுக்க அவள் தலையில்தான் விடியும். சேலையைப் பிடித்துக்கொண்டு அலறும் பிள்ளையைப் பிரித்து இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையால் கேட்டைச் சாத்துவாள். "போம்மா, திரும்பிப் பாக்காத. நீ நின்னுகினு இருந்தா அது இன்னும்தான் கத்தும்" என்பாள். பிள்ளையைச் சமாளிப்பதைவிட அம்மாவை விரட்டுவதுதான் பெரும்பாடு என்று அலுத்துக்கொள்வாள்.

அவள் வீட்டிலும் ஒரு வாலு இருந்தது. பெயர் பன்னு. தெருவில் பிறந்த பழுப்பு நாய். யார் வந்தாலும் முன்னங்கால் இரண்டையும் தூக்கி மேலே போட்டு முகத்தை நக்கினால்தான் அதற்கு மனசு ஆறும். மருமகள் ரெனிதாவுக்கோ நாய் என்றாலே குலை நடுக்கம். போதாக்குறைக்கு இப்போது மாசமாக வேறு இருந்தாள். ஒரு நாள் துணி எடுக்கப் போனவள்மேல் பன்னு பாய்ந்ததில், பக்கெட்டோடு சுவரில் சாய்ந்துவிட்டாள். நல்லவேளை, அடி படவில்லை. அன்று மாலையே மகன் ரிச்சர்ட் தீர்த்துச் சொல்லிவிட்டான்.

"ஒண்ணு, அது ஒழுங்கா இருக்கக் கத்துக்கணும். இல்ல, ஊட்ல இருக்கக் கூடாது."

சாராளுக்குச் சோறு இறங்கவில்லை. வேலைக்குக் கிளம்பினால் தெருமுனை வரை வந்து வழியனுப்பவும், திரும்பும்போது அதே முனையில் காத்திருக்கவும் அந்த வீட்டில் பன்னுவை விட்டால் வேறு ஆள் கிடையாது.

அந்த வாரமே ரிச்சர்ட் நல்ல சேதியோடு வந்தான். ஆவடியில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் நாய்களுக்கு வகுப்பு எடுக்கிறாராம். "அங்க போய்ட்டு வந்தா தங்கமா ஆயிடும்மா. சாமான்தான் நாம குடுக்கணும்" என்றான்.

பிறகு சாராளைப் பிடிக்க முடியுமா? பள்ளி விட்டதும் நேராக அம்பத்தூர் ஓ.டி.க்கு பஸ் ஏறினாள். கழுத்துப் பட்டை இழுத்தால் வலிக்கும், மார்பைச் சுற்றிப் போடும் பெல்ட்தான் நல்லது என்று கடைக்காரர் சொல்ல, அதையே வாங்கினாள். அது பன்னுவுக்கு இறுக்கமாக இருந்தது, மூச்சுத் திணறியது. மறுநாள் ஒரு நாடாவால் அதன் மார்பை அளந்து எடுத்துக்கொண்டு போய் மாற்றி வந்தாள். நீளக் கயிறு, தட்டிவிட்டாலும் கவிழாத தண்ணீர்க் கிண்ணம், ஒரு விசில். விசிலை வீட்டில் ஊதிப் பார்த்ததில் எதிர்வீட்டுக்காரர் தண்ணி லாரி வந்துவிட்டது என்று குடத்தோடு ஓடிவந்தார்.

தீனி விஷயத்தில்தான் பன்னு கறார். கடையில் விற்ற பாக்கெட் பிஸ்கட்டை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. சாராள் கோழி ஈரலை உப்பில்லாமல் வேகவைத்து, நகக்கண் அளவுக்கு நறுக்கி, மாடியில் காயப்போட்டு, குச்சியோடு காக்கா விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சின்னத் துண்டாக இருந்தால்தான் டபக்கென்று விழுங்கிவிட்டு அடுத்து என்ன என்று முகத்தைப் பார்க்குமாம். அதைப் போட்டுவைக்க, மிச்சமிருந்த யூனிபார்ம் துணியில் இடுப்புப் பை ஒன்றும் தைத்தாள்.

"இவ்ளோ எதுக்கு அத்தை?" என்றாள் ரெனிதா. குரல் ஒரு மாதிரி இருந்தது. மசக்கை என்று நினைத்துக்கொண்டாள் சாராள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பன்னுவுக்குத் தன் கையாலேயே பெல்ட்டை மாட்டினாள். அது படுக்கும் கோணியையும் ரிச்சர்ட் கேட்டு வாங்கிக்கொண்டான். அவளும் கிளம்பியபோது தடுத்தான்.

"மொதல் நாளு ஓனர் வரக்கூடாதாம்மா. உன்னியே பாத்துகினு இருக்கும், ஒண்ணும் கத்துக்காதாம்."

வேறு யாராவதாக இருந்தால் ஏன், எதற்கு என்று கேட்டிருப்பார்கள். நாய் வகுப்பில் கயிற்றைப் பிடிப்பவருக்குத்தான் பாதிப் பாடம் என்று சாராளுக்கு யார் சொன்னார்கள்? கேட்டில் நிற்கும் அம்மாக்களை எத்தனையோ வருஷமாக விரட்டியவள் அவள். "வெவரமான மனுசன்தான்" என்று அந்த வாத்தியாரை மெச்சிக்கொண்டு, சர்ச்சுக்குப் போய் ஒரு நாய்க்காக ஜெபமும் செய்தாள்.

ரிச்சர்ட் தனியாகத்தான் திரும்பினான். கொஞ்ச நாள் அங்கேயே தங்கிக் கற்க வேண்டுமாம். ஹாஸ்டல் போல என்று அதையும் நம்பினாள்.

புதன்கிழமை, பள்ளி வேன் ஓட்டும் ஆனந்தன் பிள்ளைகளை இறக்கிக்கொண்டே கேட்டான்.

"இன்னா சாராக்கா, பன்னுவ எங்க ஏரியாவுக்கு அனுப்பிட்ட?"

ஆனந்தன் சென்னீர்குப்பத்துக்காரன். சாராளின் தெருவுக்குள் வரும் அவன் வேனைத் தினமும் துரத்திய நாய் அது. அவனுக்கு அடையாளம் தப்பாது. பெயிண்ட் குடோன் ஒன்றில் காவலுக்குக் கட்டியிருக்கிறார்கள் என்றான். சாராள் நம்பவில்லை. மதியம் அவன் வேனிலேயே போனாள்.

கண்டதும் பன்னு அடித்தொண்டையில் அழுதது. மார்பில் அவள் வாங்கிய பெல்ட், பக்கத்தில் அவள் வாங்கிய கிண்ணம், அடியில் அதே கோணி. குடோன் பொறுப்பாளர் கங்காதரன் நல்ல மனுஷன். நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"உங்க பையன்தாம்மா வெச்சிக்கோங்கன்னு குடுத்தாரு. அம்மாவே ஆசையா எல்லாம் ரெடி பண்ணி அனுப்பிக்கீறாங்கன்னு சொன்னாரு. உங்களுக்குத் தெரியாதா? வேணும்னா இப்பவே இட்டுகினு போங்க."

கயிற்றை அவிழ்த்துக் கையில் பிடித்தும்விட்டாள். வயிற்றில் சுமந்து பெற்ற பிள்ளையின் வாயிலிருந்து பொய் எவ்வளவு சுலபமாக வந்திருக்கிறது! கூட்டிப்போய் அவன் முன்னால் நிறுத்த வேண்டும் என்றுதான் ஆத்திரம். ஆனால் சுவரில் சாய்ந்து வெளிறிப்போன ரெனிதாவின் முகமும் நினைவுக்கு வந்தது. இங்கே நிழல் இருந்தது, ஓட இடம் இருந்தது. ராத்திரி அவிழ்த்து விட்டுவிடுகிறார்களாம். ரொம்ப நேரம் பன்னுவின் தலையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, கயிற்றை கங்காதரனிடமே கொடுத்தாள். பஸ் நிறுத்தம் வரை அழுதுகொண்டே நடந்தாள்.

வீட்டுக்கு வந்து, பன்னுவைப் பார்த்ததை ரிச்சர்டிடம் சொன்னபோது அவன் முகம் செத்துப்போயிற்று.

"உன்னாண்ட சொன்னா ஒத்துக்கமாட்டன்னுதாம்மா..."

"கேட்டுப் பாத்தியா?"

ரிச்சர்ட் எழுந்துபோய் ஃபேனைக் கூட்டி வைத்தான்.

"கடைசியா இன்னாடா சொல்லலாம்னு இருந்த?"

"அங்கேந்து ஓடிப்போச்சுன்னு..." என்று இழுத்தான். ரெனிதா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"தெருத்தெருவா பேரு சொல்லிக் கூப்ட்டுகினு தேடியிருப்பேனேடா. அத நீ பாத்துகினு இருந்திருப்பியா?"

"சரி, இப்ப அது எங்க?" என்றான், வாசலைப் பார்த்தபடி.

"அங்கயேதான் கீது. நல்ல எடம். வுட்டுட்டு வந்துட்டேன்."

ரிச்சர்ட் பெருமூச்சு விட்டான். "அப்போ சரிதானம்மா? கோவம் இல்லியே?"

சாராள் மகனையே பார்த்தாள்.

"கேட்டிருந்தா அன்னிக்கே வுட்டிருப்பேன்டா. பன்னு எங்கயோ நல்லா இருந்துட்டுப் போவுது. இனிமே நீ சாப்ட்டேன்னு சொன்னாக்கூட நான் சட்டியத் தொறந்து பாக்கணுமே, அதுக்கு இன்னா பண்றது?"