கொடியில் மாட்டிய போர்வை

அடுகோடியில் நாங்கள் இருவர் தங்கியிருந்த வாடகை அறையில், மழைக்காக உள்ளே கட்டியிருந்த கொடியில் ஈர ஜீன்ஸை உலர்த்தும்போதுதான் அந்த யோசனை வந்தது. இந்தக் கனத்தைத் தாங்குகிற கயிறு என் போர்வையைத் தாங்காதா?

ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குக் கல்யாணம். அவளுக்காகத் தைத்துக்கொண்டிருந்த பெரிய பஞ்சுப் போர்வை, தையல் மெஷினிலிருந்து சரிந்துகொண்டே இருந்தது. துணியைத் தள்ளும் பல்லை இறக்கிவிட்டு, கையாலேயே நகர்த்திப் பூப்போடும் தையல் அது. கனம் இழுத்தால் பூவின் இதழ் கோணிவிடும்.

உலர்ந்தும் உலராத துணிகளைக் கட்டிலில் வீசிவிட்டு, போர்வையின் இரண்டு முனைகளைக் கிளிப் போட்டுக் கொடியில் மாட்டினேன். சரியவில்லை. ஆனால் கையால் நகர்த்த முடியாதபடி விறைத்து நின்றது. அரை இதழ் போவதற்குள் ஊசி ஒடிந்தது.

"ஏன்டி, போர்வை தைக்கிறியா, பந்தல் போடுறியா?" என்றாள் அறைத்தோழி. "என் சுடிதார் ஈரமாவே கெடக்கு. கேப் வந்துடும், நான் எதப் போட்டுட்டு ஆபீஸ் போறது?"

"ஸாரிடி, ரெண்டே நிமிஷம்!"

"உன் ரெண்டு நிமிஷம் எனக்குத் தெரியாதா?"

முணுமுணுத்துக்கொண்டே ஈரச் சுடிதாரை இஸ்திரி போட்டு உலர்த்தத் தொடங்கினாள். அவளுடைய இஸ்திரி மேஜை என் மெஷின் உயரத்துக்கே இருந்தது. புது ஊசியை மாட்டிக்கொண்டு காத்திருந்தேன். அவள் கிளம்பியதும் அந்த மேஜையை மெஷினின் இடப்பக்கம் ஒட்டிப் போட்டு, அதன்மேல் போர்வையைத் தளர்வாகக் குவித்து, இந்த முறை நடுவிலிருந்து தைத்துப் பார்க்க வேண்டும்.