சின்னம்மாவுக்கு நான் சொல்லிக்கொடுத்த விளையாட்டு

எந்த ஆளுக்கு எந்த வீடியோ கேம் பொருந்தும் என்று சொல்வதில் என்னை மிஞ்ச ஊரில் ஆள் இல்லை என்று பத்து வயதில் நம்பினேன். கனடாவிலிருந்து விடுமுறைக்கு மாங்குளம் வந்த பெரியம்மாவின் மகன் கையோடு ஒரு டேப்லெட் கொண்டுவந்திருந்தார். ஒரு வாரத்துக்குள் அதிலிருந்த விளையாட்டெல்லாம் எனக்கு அத்துப்படி.

அந்த அண்ணா புறப்படும் நாள் நெருங்கியபோது ஒரு பந்தயம் கட்டினார். இருவர் சேர்ந்து ஆடும் விளையாட்டு ஒன்றின் கடைசிக் கட்டத்தை அவரே தாண்டியதில்லை. "கேம் தொட்டே பாக்காத ஒராளைச் சேர்த்து நீ அதை முடிச்சுக் காட்டு. டேப்லெட்டை உனக்கே விட்டிட்டுப் போறன்" என்றார். முடியாது என்ற தைரியம்தான். எனக்கோ, அது போய்விட்டால் இனி எப்படி உயிர் வாழ்வது என்ற கவலை.

ஆள் தேடத் தொடங்கினேன். புதியவர்களுக்கு எடுத்த எடுப்பிலேயே கடினமானதைக் கொடுக்கக்கூடாது, அவரவர் பழக்கத்துக்கு ஏற்றதைக் கொடுத்து ருசி காட்டவேண்டும் என்பது என் கொள்கை. உழவு இயந்திரம் ஓட்டும் அப்பாவுக்குக் கார் பந்தயத்தைப் பரிந்துரைத்தேன். முதல் வளைவிலேயே கடலுக்குள் விழுந்தார். ரோட்டுப் போட்டவன் சரியில்லை என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். அம்மாவுக்குச் சமையல் விளையாட்டு. "நாள் முழுக்கக் குசினியில வேகிறது காணாதே?" என்று திருப்பித் தந்துவிட்டார். மிச்சம் இருந்தது எங்களோடு வாழ்ந்த அம்மாவின் தங்கை, என் சின்னம்மா.

அவருக்குப் பழம் பொறுக்கும் விளையாட்டில் தொடங்கினேன். விரல் பழகியதும் கடைசிக் கட்டத்துக்குக் கூட்டிப்போனேன். பெரிய புல்வெளி, அதன் மறுகோடியில் ஒரு கொடி. புல்லுக்கு அடியில் எங்கெங்கோ குழிகள் இருக்கும். ஒருவர் விழுந்தாலும் இருவர் கதையும் முடிந்தது. வெளியெங்கும் கொம்பு வைத்த மிருகங்கள் மேய்ந்து திரியும். அவை வெறும் அலங்காரம் என்று அண்ணாவும் நானும் நினைத்திருந்தோம். கண்மூடித்தனமாக ஓடுவதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி.

சின்னம்மா ஓடவில்லை. அசையவே இல்லை.

"ஓடுங்கோ சின்னம்மா!" என்று கத்தினேன். அண்ணா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அழுகை முட்டியது. சின்னம்மாவோ திரையை உற்றுப் பார்த்தபடி, "பொறு பிள்ளை, மாடு போகட்டும்" என்றார்.

ஒரு மிருகம் மெல்ல நடந்தது. அதன் பின்னால் புல் மடிந்து ஒரு தடம் விழுந்தது. சின்னம்மா தன் ஆளை அதில் இறக்கினார். "என்ர காலடியிலயே வா. அங்கால இங்கால போகாதை." மிருகம் நின்றால் அவரும் நின்றார். அது திரும்பினால் அவரும் திரும்பினார். அண்ணாவின் சிரிப்பு அடங்கிப்போனது. அப்பா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அம்மா அகப்பையோடு ஓடிவந்தார். நாங்கள் கொடியைத் தொட்டதும் திரை முழுக்க வாணவேடிக்கை!

கூவிக்கொண்டு வீட்டு வளவைச் சுற்றி ஓடினேன். அண்ணா சொன்ன சொல் தவறவில்லை, டேப்லெட் எனக்கே கிடைத்தது. சின்னம்மா மட்டும் வியர்த்த உள்ளங்கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார். விளையாட்டுக்கு இவ்வளவு பயமா என்று கேலி செய்தேன். ஒன்றும் தெரியாத ஒருவரை நான் எப்படித் தேற்றி எடுத்தேன் என்று பள்ளிக்கூடத்தில் அளந்த கதைக்கும் அளவில்லை. அந்த வெற்றி என் வெற்றி என்றே நெடுங்காலம் நினைத்திருந்தேன்.

வளர்ந்தபிறகு அம்மாதான் சொன்னார். போர் முடிந்து, இடம்பெயர்ந்திருந்த நாங்கள் வளவுக்குத் திரும்பிய அன்று, வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இடுப்பளவு புல் நின்றதாம். மிதிவெடி எல்லாம் எடுத்தாயிற்று என்றார்கள். ஆனாலும் கால் வைக்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை. கட்டாக்காலி மாடுகள் போன தடம் ஒன்று தெரிந்திருக்கிறது. அதில் முதல் ஆளாக நடந்தவர் சின்னம்மா. கைக்குழந்தையாக இருந்த என்னைத் தூக்கிக்கொண்டு அம்மா தள்ளிப் பின்னால் நடந்திருக்கிறார். நான் முன்னுக்குப் போகிறேன் என்று அப்பா எவ்வளவோ மறித்தும் சின்னம்மா கேட்கவில்லையாம்.

அம்மா சொன்னார், "'எனக்குத்தானே அத்தான் பிள்ளையள் இல்லை' எண்டு சொல்லிப்போட்டு நடந்தவா."